முன்பணம் கட்டிவிட்டுப் பதின்மூன்று மாதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மின்சார ஸ்கேட்போர்டை வீட்டிலேயே செய்கிற மாணவர்கள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஒரு வரி மட்டும் எனக்கு உறுத்தியது. மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலரை வெளிநாட்டுச் சிறு விற்பனையாளர்களிடம் முன்பதிவு செய்தால் விலை குறையும், அதற்குள் ஓடும் புரோகிராம் ஓப்பன் சோர்ஸ் (யாரும் எடுத்துப் பார்க்கலாம், பயன்படுத்தலாம்) என்பதால் ஏமாற வழியில்லை என்று போட்டிருந்தது. அந்த 'என்பதால்' என்ற ஒரு சொல்லை நம்பி நானும் என் மகனும் பதின்மூன்று மாதம் காத்திருந்தவர்கள். அதனால்தான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் இருபத்தாறு வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். போர்வெல் சப்மெர்சிபிள், மோனோபிளாக், கிரைண்டர், சீலிங் ஃபேன், எது எரிந்து வந்தாலும் பழைய காயிலை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டி வார்னிஷ் போட்டுக் கொடுப்பது தொழில். ஸ்கேட்போர்டு என்பதை மாமல்லபுரம் போனபோது பிள்ளைகள் ஓட்டப் பார்த்ததோடு சரி. என் மகன் அப்போது எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். காலேஜ் எல்லாம் போனிலேயே நடந்துகொண்டிருந்த 2020 கடைசியில், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். 63 மில்லி விட்டம், 74 மில்லி நீளம். உடம்பில் '190 கேவி' என்று அச்சடித்திருந்தது. அந்தக் கேவிக்குக் கடைசியில் வருகிறேன்.

"எத்தனை எச்பி இருக்கும் சொல்லுங்கப்பா" என்றான். கையில் தூக்கிப் பார்த்து "அரை" என்றேன். "ரெண்டரை, மூணு வரும்" என்றான். நம்பவில்லை. பிரித்துப் பார்த்த பிறகு கொஞ்சம் நம்பினேன். நம் மோட்டாரில் வெளிக்கூடு நிற்கும், உள்ளே ரோட்டர் சுற்றும். இதில் காயில் நடுவில் அசையாமல் நிற்கிறது, காந்தம் ஒட்டிய வெளிக்கூடு சுற்றுகிறது. 12 ஸ்லாட், 14 காந்தம். காயிலை அவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். கட்டியவர் கைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மோட்டாருக்குத் த்ரீ ஃபேஸ் வேண்டும். பேட்டரியில் இருப்பது டிசி. அதை வெட்டி வெட்டி மூன்று ஃபேஸாக்கி, ரோட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கணக்குப் பார்த்துக் கரன்ட் விடுகிற வேலைதான் கன்ட்ரோலருடையது. ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் என்பவர் தன் ஸ்கேட்போர்டுக்குச் சரியான கன்ட்ரோலர் கிடைக்கவில்லை என்று தானே ஒன்றை வடிவமைத்தார். 2015இல் அதன் சர்க்யூட் வரைபடம், போர்டு ஃபைல், புரோகிராம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே வைத்துவிட்டார். வெஸ்க் என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் அவர் போர்டு செய்து விற்கவில்லை. செய்து விற்றவர்கள் பல நாடுகளில் இருந்த சிறு கடைக்காரர்கள். அவரவர் பங்குக்கு ஒரு மாற்றம் செய்து, ஒரு பெயர் வைத்து, முன்பதிவு வாங்கி, நூறு இருநூறாகச் செய்து அனுப்பினார்கள். இந்த இரண்டு தரப்பையும் ஒன்றாக நினைத்ததுதான் எங்கள் முதல் தப்பு.

வெட்டர் செய்த வேலையைப் பற்றி ஒரு வைண்டிங்காரன் சொல்ல ஒன்று இருக்கிறது. மகன் தன் நண்பனிடம் ஒரு பழைய வெஸ்க் போர்டை இரவல் வாங்கி வந்து மோட்டாரோடு இணைத்து, கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினான். மோட்டார் ஒரு கீச்சுச் சத்தம் போட்டது, கொஞ்சம் சிணுங்கியது, பிறகு தானாகச் சுற்றி நின்றது. திரையில் அந்த மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ், இண்டக்டன்ஸ், காந்தத்தின் பலம் எல்லாம் எண்ணாக வந்து நின்றன. என் கடை மீட்டரை அந்த ஒயரில் வைத்தால் ஷார்ட் என்றுதான் காட்டும். ஒரு ஓமில் நூறில் சில பங்குதான் அதன் ரெசிஸ்டன்ஸ். அதை இது அளந்துவிட்டது. அப்புறம் பழைய முறையில் ஓட்டிக் காட்டினான், உறுமியது. ரோட்டர் நிற்கிற இடத்துக்கு ஏற்றபடி கரன்டை மென்மையான அலையாக விடுகிற எஃப்.ஓ.சி. என்ற முறைக்கு மாற்றினான். சத்தமே இல்லை, வண்டு பறக்கிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும். இதை ஒருவர் காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்றால் என்னதான் சொல்வது! அந்த மயக்கத்தில்தான் பணத்தை எடுத்து நீட்டினேன்.

அந்தச் சிறு கடைக்காரர்களில் ஒருவரிடம் நாங்கள் முன்பதிவு செய்தது, மகனின் ஸ்கேட்போர்டுக்கான இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் கன்ட்ரோலர். விலை 265 டாலர். அன்றைய கணக்கில் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு தோட்டத்துக்காரருக்கு ஏழரை எச்பி சப்மெர்சிபிள் கட்டிக் கொடுத்த பணம் உட்பட எல்லாம் அதற்குள் போனது. 2021 பிப்ரவரியில் கட்டினோம். எட்டு வாரத்தில் அனுப்புவோம் என்றார்கள். விற்றவர் யார், எந்த நாடு என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. மகனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

எட்டு வாரம் கழித்து முதல் கடிதம் வந்தது. போர்டு அச்சாகிவிட்டது, ஐசிதான் தாமதம் என்று. அது பொய்யில்லை. வெஸ்க் போர்டின் மூளை எஸ்.டி.எம். 32 எஃப் 405 என்ற ஒரு ஐசி. 2021இல் உலகம் முழுவதும் ஐசி பஞ்சம் வந்தது ஆசிரியருக்கு நினைவிருக்கும். கார் கம்பெனிகளே வண்டியைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தன. கார் கம்பெனிக்கே இல்லாதது, மாதம் நூறு ஐசி கேட்கிற சிறு கடைக்காரருக்கு எங்கே கிடைக்கும்? டிரோன் பறக்கவிடுகிறவர்களும் அதே ஐசிக்காகத்தான் அலைந்தார்கள், அவர்கள் போர்டிலும் அதுதான்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. படம் இருக்கிறது, புரோகிராம் இருக்கிறது, நாமே செய்தால் என்ன என்று மகன் வெட்டரின் பழைய ஃபைலைக் கொடுத்து ஐந்து வெறும் போர்டு அடித்து வரவழைத்தான். கரன்டை வெட்டுகிற மாஸ்பெட் கிடைத்தது. கெப்பாசிட்டர் கிடைத்தது. அந்த மாஸ்பெட்டை இயக்குகிற கேட் டிரைவர் ஐசி ஒன்று உண்டு, ஐம்பத்தாறு கால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. அதையும் ஹாட் ஏர் வைத்து எப்படியோ ஒட்டிவிட்டான். மூளை மட்டும் இல்லை. ஊரடங்கு தளர்ந்து ஆகஸ்டில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது ரிச்சி தெருவில் பாதி நாள் சுற்றினோம். எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஐசிக்கு ஒருவர் நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார். அதுவும் மேலே எழுத்து மங்கலாக, காலில் பழைய ஈயத்தோடு இருந்தது. எங்கேயோ கழற்றியது. மகன் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்த ஐந்து போர்டும் இன்றைக்கும் என் கடையில் மூளை இல்லாமல் ஆணியில் தொங்குகின்றன. புரோகிராமை ஆயிரம் பேர் நகல் எடுக்கலாம், மணலை ஐசியாக்க யார் வீட்டிலும் வழியில்லை.

ஆகவே தாமதத்துக்கு நான் கோபிக்கவில்லை. சொல்லப்போனால், அவசரத்தில் மோசமான ஐசியைப் போட்டு அனுப்பாமல் இருந்தாரே என்றுகூட நினைத்தேன். இந்த வண்டியில் தனியாகப் பிரேக் கட்டை கிடையாது. மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, ஓட்டத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பித்தான் நிறுத்துகிறார்கள். கன்ட்ரோலர் போனால் பிரேக்கும் போச்சு. இல்லையென்றால் சக்கரம் சட்டென்று இறுகி, மேலே நிற்கிற பையன் முன்னால் பறப்பான். அந்தப் பெட்டி ஒரு மாதம் தாமதமாக வந்தாலும் ஒழுங்காக வரட்டும்.

கோபம் வந்தது அதற்கப்புறம் நடந்ததில். மே மாதம் இரண்டாவது கடிதம்: ஐசி விலை ஏறிவிட்டது, ஒவ்வொருவரும் இன்னும் 40 டாலர் அனுப்பினால் முதலில் அனுப்பப்படும். அனுப்பாதவர்களுக்கு? அதைப் பற்றிப் பேச்சில்லை. நாங்கள் அனுப்பவில்லை. ஜூலையில் ஒரு படம் வந்தது, பத்துப் போர்டு வரிசையாக அடுக்கி. பிறகு ஒன்றும் இல்லை. மகன் வாரம் ஒரு மெயில் போட்டான். சாப்பிடும்போது "என்ன சாமி, வருமா வராதா?" என்று கேட்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டே "வரும்ப்பா" என்பான். ஒரு கட்டத்தில் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இங்கேதான் கட்டுரையாளர் எழுதாத ஒரு விவரம் இருக்கிறது. பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாகக் கட்டினால், பொருள் வரவில்லை என்று முறையிட 180 நாள் அவகாசம் உண்டு. கட்டிய நாளிலிருந்து 180 நாள். பொருள் வரவேண்டிய நாளிலிருந்து அல்ல. எட்டு வாரம் என்று ஆரம்பித்து, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று நல்லபடியாகவே பேசிக்கொண்டிருந்தால், ஆகஸ்டு முடிவதற்குள் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். விற்றவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 180ஆவது நாள் எது என்று நாங்கள் காலண்டரில் குறிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், பாவம் அவரும் என்ன செய்வார் என்று இருந்துவிட்டோம். வெட்டர் நல்ல மனுசன் என்றால் அவர் புரோகிராமைப் போட்டு விற்கிறவரும் நல்ல மனுசனாகத்தான் இருப்பார் என்று ஓர் எண்ணம். இவருக்கும் அவருக்கும் ஒரு கடிதப் போக்குவரத்துகூடக் கிடையாது என்று பிறகுதான் புரிந்தது.

நுகர்வோர் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2020இல் வந்த மின் வணிக விதிகள், இந்தியாவில் கடை இல்லாமல் இங்கே உள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும் என்றுதான் சொல்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் ஷெட்டில் இரண்டு பேர் நடத்துகிற கடைக்கு யார் நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுப்பது? பத்தொன்பதாயிரத்துக்கு அதைவிடப் பெரிய வக்கீல் பீஸ் ஆகிவிடும்.

நானும் அட்வான்ஸ் வாங்குகிறவன்தான் என்பதால் இதைக் கொஞ்சம் பேச எனக்கு உரிமை உண்டு. பெரிய மோட்டார் வந்தால் செம்புக் கம்பிக்குப் பணம் வாங்காமல் நான் வேலையைத் தொடுவதில்லை. அதே 2021 மே மாதம் செம்பு டன் பத்தாயிரம் டாலரைத் தாண்டி நின்றது. அதற்கு முன்பு விலை பேசி அட்வான்ஸ் வாங்கிய மோட்டார் நான்கு என் கடையில் கிடந்தன. இரண்டு பேருக்குப் பேசிய விலைக்கே கட்டிக் கொடுத்தேன், கை நட்டம். மற்ற இருவரிடம் போன் போட்டு, இந்த விலைக்கு முடியாது, வேண்டுமானால் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒருவர் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. என் கடை பெஞ்சுக்கு எதிரே வந்து உட்கார்ந்து அவர் என்னைத் திட்ட முடியும், விஷயம் அவ்வளவுதான். தீபாவளிச் சீட்டு பிடிக்கிற அக்காவை நம்புவதுகூட அவர் வீடு தெரியும் என்பதால்தானே? முன்பதிவு என்பதும் சீட்டுதான். ஐம்பது பேர் பணத்தில் ஐசி வாங்கி, அந்த ஐம்பது பேருக்கும் செய்து தருவது. சீட்டுப் பிடிப்பவர் வீடு எங்கே என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

பெட்டி 2022 மார்ச்சில் வந்தது. கஸ்டம்ஸுக்குத் தனியாகப் பணம் கட்டித்தான் கையில் வாங்கினோம். எங்களைப் போல அதே இடத்தில் கட்டியவர் திருப்பூரில் ஒருவர் உண்டு, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருக்கு வரவே இல்லை. எங்களுக்கு ஏன் வந்தது, அவருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வரிசை எண்ணில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் அவர்.

வந்ததிலும் ஒரு பிரச்சினை. பெட்டிக்குள் ஓடியது வெட்டரின் புரோகிராம்தான். ஆனால் விற்றவர் எதையோ மாற்றியிருந்தார். வெளியே கிடைக்கிற புதிய புரோகிராமை ஏற்றப் பார்த்தால் ஏற்கவில்லை. மகன் உரிமத்தை எடுத்துக் காட்டினான். வெட்டரின் புரோகிராமுக்கு ஜி.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. புரோகிராமை மாற்றி விற்பவர், மாற்றிய மூல நிரலையும் வாங்கியவருக்குத் தரவேண்டும். வீட்டு உபயோகப் பொருளாக இருந்தால், வாங்கியவர் தானே திருத்தி அதில் ஏற்றுவதற்கான வழியையும் தரவேண்டும். மரியாதையாக ஒரு மெயில் போட்டான். பதில் இல்லை. சர்க்யூட் படமாவது கொடுங்கள் என்றான். அதற்கும் இல்லை. கரன்டை அளக்கிற ஷன்ட் ரெசிஸ்டரின் மதிப்பு தெரியாமல் வேறு புரோகிராமை வலுக்கட்டாயமாக ஏற்றினால், ஐம்பது ஆம்பியரை இருபத்தைந்து என்று நினைத்துக்கொண்டு அது மோட்டாரை எரித்துவிடும். எரிந்தால் கட்ட நான் இருக்கிறேன். இருந்தாலும் பையனின் பல்லுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. வந்த புரோகிராமோடுதான் ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு நண்பரின் மூடிக் கிடக்கிற மில் காம்பவுண்டுக்குள். இந்தப் பலத்தில் ஒரு வண்டியை நம்பர் பிளேட் இல்லாமல் அவிநாசி ரோட்டில் விட முடியாது என்பதையும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அதே உரிமத்தை நானும் மகனைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதில் முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கிறது. இந்தப் புரோகிராமுக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. வெட்டர் ஒளிக்கவில்லை. படிக்காதது நாங்கள்.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். முன்பதிவே வேண்டாம் என்று எழுதச் சொல்லவில்லை. அது இல்லையென்றால் இந்த மாதிரிப் பொருளை யாரும் செய்யவே மாட்டார்கள். கட்டுகிறவர்கள் 180ஆவது நாளைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் தயவு பார்க்காமல் முறையிடட்டும். மாற்றிய புரோகிராமையும் சர்க்யூட் படத்தையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்கட்டும். சுற்றி வளைத்துப் பேசுகிறவரிடம் கட்ட வேண்டாம். திருப்பூர்காரருக்கு உங்கள் வாசகர்களில் சட்டம் தெரிந்தவர் யாராவது வழி சொன்னால், கடிதம் என் கடைக்கு வந்தால் நான் சேர்த்துவிடுகிறேன்.

இன்னொரு திருத்தமும் உண்டு. கட்டுரையில் மோட்டார் '190 கிலோவோல்ட்' என்று அச்சாகியிருக்கிறது. கேவி என்றால் இங்கே கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. பத்து செல் சீரியலில் முழுசாக சார்ஜ் ஏறினால் 42 வோல்ட். 190ஆல் பெருக்கினால், சுமை இல்லாமல் சுற்றும்போது நிமிடத்துக்கு 7,980 சுற்று. நம் ஊருக்குக் கரன்ட் கொண்டுவருகிற பெரிய டவர் லைனிலேயே பல இடங்களில் 110 கிலோவோல்ட்தான் ஓடுகிறது. 190 கிலோவோல்ட் மோட்டாரை ஒரு பையன் பைக்குள் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தால், நான் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவிடுவேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.